நாலு வருடமாகக் கடலடியில் இருந்த செல்வி

தூத்துக்குடி ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப் போக ஒரு விண்வெளி வீரர் வந்திருந்தார்.

தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளை உடம்பு முழுக்கச் சுற்றியிருந்தார். தலையில் அலுமினியச் சட்டி. கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை. கையில் ஒரு சிலேட்டு: ‘சிங்கப்பூர் தமயந்தி அவர்களே வருக.’ மே மாத வெயில் காலை எட்டு மணிக்கே தண்டவாளத்தில் மின்னிக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர, யாரும் நின்று பார்க்கவில்லை.

“நாந்தான் அமலதாசன். லெட்டர் போட்டது நாந்தான்” என்றது சட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்.

“வேர்க்கவில்லையா?”

“வேர்க்காம இருக்குமா? மாநாட்டுக்கு வேஷம் கட்டி வரலாம்னு தீர்மானம் போட்டதே நான். நானே கட்டலைன்னா வேற எவன் கட்டுவான்?”

மூன்று வருடமாக இந்த மனிதருடன் படக்கதைகளைப் பற்றிக் கடிதத்தில் பழகியிருந்தேன். உப்பு வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் கணக்கப்பிள்ளை. கடிதங்களில் ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று எழுதுகிறவர். நேரில் பார்த்தால் மூச்சு விடாமல் பேசினார். சைக்கிள் ரிக்‌ஷாவில் நானும் பெட்டியும் ஏறிக்கொண்டோம். அவர் உட்கார்ந்தால் வெள்ளித்தாள் கிழியும் என்பதால் பக்கத்திலேயே ஓடிவந்தார். ஓடிக்கொண்டே நிகழ்ச்சி நிரலையும் சொல்லி முடித்துவிட்டார்.

இது எழுபத்தெட்டாம் வருடம். சித்திரக்கதை வாசகர்கள் தாங்களே கூட்டிய மூன்று நாள் மாநாடு. பத்திரிகை ஆசிரியர்களுக்கு அழைப்பில்லை, பெரிய மனிதர்களுக்கும் இல்லை. மாலை, பொன்னாடை கிடையாது. படிக்கிறவர்களே மேடை ஏறித் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றி விவாதம் நடத்த வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இரண்டு விவாதங்கள் ஒதுக்கியிருந்தார்கள். சிங்கப்பூரில் ஜப்பானியர்கள் நடத்தும் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்கிறவள். கம்பெனி நடத்திய மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தேன். இங்கே என்னைக் கூப்பிட அந்த ஒரு தகுதி போதுமானதாக இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தமிழ்ச் சிறுவர் வார இதழில் ‘முத்துச்செல்வி’ என்றொரு படக்கதை வந்தது. கடலில் குதித்து முத்தெடுக்கும் பெண். படகில் அப்பா கயிற்றைப் பிடித்திருப்பார், மறுமுனை இடுப்பில் இருக்க, அவள் மூச்சடக்கி இறங்குவாள். ஜப்பானியக் கதை அது. யாரிடமும் கேட்காமல் எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் செல்வி கடலடியில் ஒரு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டாள். ‘தொடரும்’ என்று போட்டார்கள். அடுத்த வாரம் இதழ் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை.

வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு ஜப்பானிய இஞ்சினியர் குடும்பம் அலுவலகத்தில் விட்டுப்போன புத்தகக் கட்டில், போன வருடம், அந்தக் கதையின் கடைசித் தொகுதி எனக்குக் கிடைத்தது. அமலதாசனுக்கு எழுதினேன். பதில் கடிதமாக வரவில்லை, தந்தியாக வந்தது: ‘முடிவைச் சொல்ல வேண்டாம். புத்தகத்துடன் நேரில் வரவும்.’

மாநாடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். கோடை விடுமுறை என்பதால் கிடைத்ததாம். வாசலில் செருப்புகளைப் பார்த்தே அசந்துபோனேன். ரப்பர் செருப்பு, பூட்ஸ், கட்டைவிரல் தேய்ந்த தோல் செருப்பு, சின்னப் பெண்களின் வார்ச்செருப்பு. உள்ளே நூற்றைம்பது பேர் இருக்கலாம். முகமூடிக்காரர்கள் நாலைந்து பேர். நூல் சேலையைச் சுருட்டித் தலைப்பாகை கட்டிய ஒரு மந்திரவாதி. கீழவைப்பாரிலிருந்து வந்திருந்த அக்கா தங்கை இருவர், ஒரே மாதிரி பச்சைத் தாவணியில், ‘நாங்க ரெண்டு பேரும் ஒரே வேற்றுக்கிரகவாசி’ என்றார்கள்.

முதல் விவாதத்தை நூல் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் நடத்தினார். தலைப்பு: ‘சத்தத்தை எப்படி எழுதுவது?’ பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எந்தப் படக்கதையில் எந்த அடிக்கு என்ன சத்தம் எழுதினார்கள் என்று பத்து வருடமாகக் குறித்து வைத்திருந்தார்.

“ஆளு தண்ணியில விழுந்தா ‘தொபுக்கடீர்’னு போடுதான். கல்லு விழுந்தாலும் அதையே போடுதான். இது நியாயமா?” என்று கேட்டார். கூட்டம் ‘இல்லை’ என்றது. கல்லுக்கு ‘தொளுக்’, நங்கூரத்துக்கு ‘கும்ளுக்’ என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. நரைத்த தலைகள் எழுந்து நின்று, வாயால் சத்தம் போட்டுக் காட்டி, உட்கார்ந்தன. எங்கள் ஊரில் இப்படி ஒருவர் செய்தால் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். இங்கே அவருக்குக் கைத்தட்டல்.

மதியம் என் முறை. ‘செல்வி ஏன் இடக்கைக்காரி?’ என்பது தலைப்பு. என்னைக் கேட்காமலே நிரலில் போட்டிருந்தார்கள். அவள் கத்தி பிடிப்பது, சிப்பி எடுப்பது எல்லாமே இடக்கை. அம்மாவும் இடக்கைக்காரியாக இருந்திருப்பாள் என்றார் ஒருவர். வலக்கையில் பழைய காயம் இருக்கிறது, ஏழாவது வாரம் நாலாம் படத்தில் ஒரு கோடு தெரிகிறது, பாருங்கள் என்றார் இன்னொருவர். நான் எழுந்து, ஜப்பானியர்கள் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள், தமிழுக்காகப் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், உண்மையில் அவள் வலக்கைக்காரிதான் என்று சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற மார்பு, சிவந்த கண்.

“அப்ப அந்தப் பிள்ள சோத்துக்கைக்காரியா?”

“ஆமாம்.”

“நான் கெட்டேன். அவளப் பாத்துட்டு நானும் ஒரு வருசம் பீச்சாங்கையாலல்லா சங்கு எடுத்துப் பாத்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பெயர் சூசை, சங்கு குளிக்கிறவராக இருந்தார், இப்போது புதுத் துறைமுகத்தில் சுமை வேலை என்று அமலதாசன் காதில் சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவர்கள் நாலு வருடம் பேசிப் பேசிக் கட்டிய ஒன்றை ஒரே வாக்கியத்தில் தட்டிவிட்டது போல இருந்தது. நாளை மறுநாள் நான் சொல்ல வேண்டியது இன்னும் பெரிய வாக்கியம்.

மாலையில் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் ஊர்ப் புரோட்டா கல்லில் சுட்டது, கிழித்துத் தின்னலாம். இங்கே எண்ணெயில் போட்டுப் பொரித்து, நொறுக்கி, அதன் மேல் சால்னாவை ஊற்றிவிடுகிறார்கள். ஒரு வாய் வைத்ததும், இத்தனை வருடம் நான் தின்றதற்கு என்ன பெயர் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு ஒரு பொட்டலம் மக்ரூன் தந்தார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும், கூம்பு வடிவம். கடிப்பதற்குள் நாக்கில் காணாமல் போகிறது. சிங்கப்பூருக்கு எடுத்துப் போனால் உடையாதா என்று கேட்டேன். “உடையும். அதனாலதான் எல்லாரும் இங்கனயே இருக்கோம்” என்றார் கடைக்காரர்.

இரண்டாம் நாள் நாசரேத் போனோம். நான் தங்கிய விடுதி அறையில் எனக்குத் துணை ஜெபமணி டீச்சர். நாசரேத் பள்ளியொன்றில் விஞ்ஞானம் எடுக்கிறவர், ஐம்பதை நெருங்குகிறார். படக்கதைகளைக் கையில் சிவப்புப் பென்சிலோடுதான் படிப்பார். எழுத்துப் பிழைக்கு ஒரு வட்டம், விஞ்ஞானப் பிழைக்கு இரண்டு வட்டம். என் கையகலப் புத்தகத்தை நூற்றைம்பது பேருக்கு எப்படிக் காட்டுவது என்று நான் கவலைப்பட்டபோது, “எங்க ஸ்கூல்ல எபிடயாஸ்கோப் இருக்கு. புஸ்தகத்த அடியில வச்சா செவத்துல பெருசா விழும். போய் எடுத்துட்டு வந்துருவோம்” என்றார்.

எடுத்து வந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. இரும்பும் கண்ணாடியுமாக அது ஒரு ஆட்டுக்குட்டி கனம். பஸ்ஸில் அதற்கு ஒரு இருக்கை கொடுத்து, டிக்கெட்டும் எடுத்தார் டீச்சர். கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸுக்கடியில் ‘டணார்’ என்று ஒரு சத்தம். ஆலைக்காரர் இருந்திருந்தால் நோட்டில் குறித்திருப்பார். பஸ் அங்கேயே படுத்துவிட்டது.

வாய்க்கால் ஓரம் வெற்றிலைக் கொடிக்கால்கள் நின்றன. அந்த உச்சி வெயிலிலும் அவற்றுக்குள்ளே அந்தி போல ஓர் இருட்டு. வெற்றிலைக் கட்டுகளோடு தூத்துக்குடி போகும் ஒரு லாரியை டீச்சர் நடுரோட்டில் நின்று மறித்தார்.

“ஸ்கூல் சாமான் இருக்கு. ரெண்டு பொம்பளைங்க. ஏத்திக்கிடுங்க” என்று அவர் சொன்ன தொனியில் டிரைவர் இறங்கியே வந்து இயந்திரத்தைத் தூக்கி வைத்தார்.

ஈரச் சாக்கு போர்த்திய வெற்றிலைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து போனோம். அடியிலிருந்து குளிர்ச்சி, மேலிருந்து வெயில், மூக்கு முழுக்கக் காரமான பச்சை வாசனை. அப்படி ஒரு வண்டியில் நான் அதுவரை போனதில்லை, இனியும் போகப் போவதில்லை. அந்த மிதப்பில், யாரிடமும் சொல்லாத முடிவை டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

“அவள் மேலே வரவில்லை, டீச்சர். அப்பா கயிற்றை இழுக்கிறார். வெறும் கயிறுதான் வருகிறது. கடல் திருப்பித் தரவில்லை என்று ஒரு வரி. அதோடு முடிந்துவிட்டது.”

டீச்சர் இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏளா தமயந்தி” என்றார் கடைசியில். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. “சூசைக்குக் கடைக்குட்டித் தம்பி ஒருத்தன் இருந்தான், இருவத்தஞ்சு வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னால சங்கு குளிக்க எறங்குனவன் ஏறி வரல. ஆளயே கெடைக்கல. அன்னைக்கு மேல இருந்து கயிறு பிடிச்சது சூசைதான். அதுக்குப் பொறவு அவரு கடலுக்கே போகல.”

நாளைக்கு அந்த மனிதர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு, வெறும் கயிற்றைப் பிடித்த ஒருவனைச் சுவரில் காட்டப் போகிறேன்.

“புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா?”

“பொய் சொல்லதுக்கா இம்புட்டுக் கனத்தத் தூக்கிட்டு வாரோம்?” என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. “அவர்ட்டயே கேட்டுரு.”

மூன்றாம் நாள் காலை மண்டபத்துக்கு முதலில் போனேன். சூசை அங்கே இருந்தார். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுவதற்காக ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே நின்றபடியே தொடங்கிவிட்டேன். அவர் இறங்கி வந்திருந்தால் எனக்குத் தைரியம் போயிருக்கும்.

“அண்ணாச்சி, இந்தக் கதையின் முடிவு நல்ல முடிவு இல்லை. உங்கள் தம்பியைப் பற்றி டீச்சர் சொன்னார்கள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் காட்டவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.”

வாயில் வைத்திருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாலு வருசமா அந்தப் பிள்ள அடியிலயே கெடக்கு, பாத்துக்கிடுங்க. மூச்ச அடக்கிட்டுக் கெடக்கு. அது எம்புட்டு நேரம்னு குளிக்கிறவனுக்குத்தான் தெரியும். உசுரோடயோ பொணமாவோ, மேல எடுத்துருங்க அம்மா. அங்கனயே விட்டுட்டுப் போயிராதிய.”

திரும்பவும் ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. வேஷம் கட்டியவர்கள் கட்டாதவர்கள் எல்லோருக்கும் ஒரே வேர்வை. கதவை மூடி, டீச்சர் இயந்திரத்தைப் போட்டார். என் கையகலப் புத்தகத்தின் முதல் பக்கம் சுவர் முழுக்க விரிந்தபோது ‘ஆ’ என்று ஒரு மூச்சு எழுந்தது. கடலடிப் பாறை, மேலே போகும் குமிழிகள், செல்வியின் விரிந்த கூந்தல். வலக்கையில் கத்தி. எனக்கே அது புதுப் படம் போல இருந்தது. இத்தனை நாள் சாவித் துவாரம் வழியாகப் பார்த்த ஒரு வீட்டுக்குள் கதவைத் திறந்துகொண்டு போன மாதிரி.

விளக்குச் சூட்டில் தாள் கருகிவிடும், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம்தான் என்று டீச்சர் முன்பே எச்சரித்திருந்தார். நான் ஜப்பானிய வரிகளைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பக்கத்தைத் திருப்பினார். பாதியில், அப்பா கயிறு ஆடுவதைப் பார்க்கும் பக்கத்தில், கரண்ட் போய்விட்டது.

அப்படி ஒரு கூச்சலை நான் கால்பந்து மைதானத்தில்கூடக் கேட்டதில்லை. கதவுகளைத் திறந்தார்கள். அமலதாசன் சும்மா இருப்பாரா? அன்றைக்குச் சட்டி இல்லை, வெள்ளித்தாள் மட்டும். மேடையில் ஏறி, “கரண்டு வாரவரைக்கும், நீங்க ஒவ்வொருத்தரும் செல்விக்கு என்ன முடிவு வச்சிருக்கிய, அதச் சொல்லுங்க” என்றார்.

வரிசை கட்டி நின்றார்கள். கீழவைப்பார் சகோதரிகளின் முடிவில் ஓர் ஆமை வந்து இடுக்கு மண்ணைத் துடுப்பால் தோண்டியது. இது நடக்கும், நாங்கள் ஆமை பார்த்திருக்கிறோம் என்றார்கள். ஒருவர் நீர்மூழ்கிக் கப்பலைக் கொண்டுவந்தார். ஆலைக்காரர், எல்லாம் செல்வி கண்ட கனவு என்றார். அவரைச் சத்தம் போட்டே இறக்கிவிட்டார்கள். டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்து, பாறைக்குள் காற்று தங்கிய குகை இருக்கலாம் என்று அரை மணி நேரம் நிரூபித்தார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். அலுவலகத்தில் நான் படக்கதை படிக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மேசை இழுப்பறையில் அட்டை போட்டு ஒளித்து வைப்பேன். இங்கே நூற்றைம்பது பேர், உப்பளத்திலும் ஆலையிலும் வங்கியிலும் வேலை பார்க்கிறவர்கள், காகிதத்தில் இருக்கும் ஒரு பெண்ணை உயிரோடு எடுக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள். சூசை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மின்விசிறி சுழன்றது. கதவுகள் மூடின.

கடைசிப் பக்கத்தை விட்டால் வேறு வழியில்லை. அப்பா இழுக்கிறார். வளையம் வளையமாகக் கயிறு படகில் விழுகிறது. பிறகு பக்கம் முழுக்க ஒரே படம்: படகு, மனிதன், கையில் கயிற்றின் நுனி. நான் வாசித்தேன். “கடல் அவளைத் திருப்பித் தரவில்லை.”

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சர் பக்கத்தை எடுக்கக் கை நீட்டினார்.

“எடுக்காதிய டீச்சர்.”

சூசை பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். நேராகச் சுவர் வரைக்கும் போனார். படகின் பாதி அவர் சட்டை மேல் விழுந்தது. கயிற்றின் நுனி இருந்த இடத்தில் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“தாள் கருகுது, சூசை” என்றார் டீச்சர்.

“ஒரு நிமிசம் பொறுங்க.” விரலைச் சுவரில் வைத்தார். “இந்தக் கயிறு பிய்யல. இது அறுத்த கயிறு.”

“என்ன சொல்லுதிய?” என்றார் அமலதாசன்.

“பாருங்கய்யா. நுனி எப்படி இருக்கு? வெட்டுன கரும்பு மாதிரி மட்டமா இருக்குல்லா? கத்தி பட்ட கயிறு இது. பாறையில தேஞ்சு பிஞ்ச கயிறுன்னா நார்நாரா விரிஞ்சு நிக்கும், கெழவன் தாடி மாதிரி.” விரலை எடுக்காமலே திரும்பினார். “என் தம்பி கயிறு அப்படித்தான் வந்துது. என் கையிலதான் வந்துது. எனக்குத் தெரியாதா?”

கருகும் வாசனை எனக்கு வந்தது. புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

“கத்தி யாருகிட்ட இருக்கு? அவ கையிலதான இருக்கு. சிக்குனது காலு இல்ல, கயிறு. கயிறு இடுக்குல சிக்கிட்டுன்னா அத அறுத்துட்டுத்தான் ஏறணும். அவ அறுத்துட்டா. ஏறிட்டா.” படகுக்குப் பின்னால் இருந்த அலைகளைக் காட்டினார். “நீரோட்டம் இந்தாப் போகுது பாருங்க, கரையப் பாத்து. படகுக்கிட்ட எப்படி ஏறுவா? அங்கன, தூரத்துல ஏறியிருப்பா. இந்த மனுசன் கயிறையே பாத்துட்டு இருக்கான். திரும்பிப் பாக்கல.”

இருநூறு முறையாவது அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பேன். எழுத்தைப் படித்தேனே தவிர, கயிற்றைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் அந்த நுனி ஒரு அரிசி அளவு.

டீச்சர் இயந்திரத்தை அணைத்தார். யாரோ ஜன்னல் துணியை இழுத்தார்கள், வெளிச்சத்தில் கண் கூசியது. விவாதத்தை முடித்து வைக்க வேண்டியவள் நான். ஆனால் டீச்சர்தான் எழுந்தார், வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்: “செல்வி ஏறிட்டான்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க.”

மந்திரவாதி, வேற்றுக்கிரகவாசிகள், விண்வெளி வீரர், நான், எல்லோரும் தூக்கினோம். சூசை மட்டும் தூக்கவில்லை.

“நீங்க ஏன் தூக்கல?” என்றார் டீச்சர்.

“நாந்தான் பாத்துட்டேம்லா. பாத்தவனுக்குக் கை எதுக்கு?”

அப்புறம் எழுந்த கைத்தட்டலை எழுத ஆலைக்காரரின் நோட்டில்தான் சொல் தேட வேண்டும்.

கிளம்பும்போது அமலதாசன் ஒரு தாள் கொடுத்தார். வரைந்தவருக்கு மாநாட்டின் கேள்வி: ‘ஐயா, அந்தக் கயிறு அறுந்ததா, அறுத்ததா?’ கீழே நூற்றுச் சொச்சம் கையெழுத்து. சூசை பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கயிறு வரைந்திருந்தார், மட்டமான நுனியோடு. சிங்கப்பூர் வந்ததும் அதையும், சங்கு குளித்த சூசை சொன்னதையும் ஜப்பானிய மொழியில் எழுதி, எங்கள் தாளையும் சேர்த்து, புத்தகத்தில் இருந்த பதிப்பக முகவரிக்கு அனுப்பினேன். பதில் வரும் என்று நான் நம்பவில்லை.

நான்கு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. படம் வரைந்தவரே பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தார். சுருக்கமாக இதுதான்:

‘உங்கள் கடிதத்தைப் படித்துப் பழைய மூலப்படத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் நான் முடித்தேன். ஆனால் அந்தக் கயிற்றை வரைந்தது நான் இல்லை. அன்று நேரம் இல்லாததால் என் உதவியாளர் வரைந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அறுத்தது போலத்தான் வரைந்தேன், உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது, அவள் சாவது எனக்குப் பிடிக்கவில்லை என்றார். இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. சங்கு குளிப்பவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவள் ஏறிவிட்டாள்.’

மொழிபெயர்த்து, அன்றே தூத்துக்குடிக்கு அனுப்பினேன்.

இந்த வாரம் அமலதாசனின் பதில் வந்திருக்கிறது. வழக்கம் போல ‘தங்கள் மேலான கவனத்திற்கு’. துறைமுக வாசலில் வேலை முடிந்து வந்த சூசையை நிறுத்தி, அட்டையில் இருந்ததை நின்றபடியே வாசித்துக் காட்டினாராம். சூசை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாராம். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டாராம்:

“அந்த உதவியாளுப் பயலுக்கு என்ன வயசு இருக்கும்?”

அது எனக்குத் தெரியவில்லை. இன்று மதியம் ஜப்பானுக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டு வந்தேன்.